எவர்கிரீன் ஓய்விடம், நான்காம் அடுக்கு

திங்கள்தோறும் அறுபத்தைந்தாம் நெடுஞ்சாலையில்
அலபாமாவைப் பெட்டி பெட்டியாய் ஏற்றிக்கொண்டு போகிறேன்.
மூன்றாய் மடித்த வழவழத் தாள்கள்,
கட்டுக்கு நூறு.
கழிப்பறைக்கும் குளிர்பான எந்திரத்துக்கும் நடுவே
அடுக்குகளில் காலியான குழிகளை நிரப்புவது வேலை.
பார்க்கவேண்டிய இடங்கள் நூற்றுப்பன்னிரண்டு.
பதினோரு வருஷத்தில் நான் பார்த்தவை ஏழு.
மற்றவற்றின் எடை தெரியும்.

எது சீக்கிரம் தீரும் என்று கேளுங்கள்.
வண்டுதான்.
என்டர்பிரைஸ் ஊரின் நடுத்தெருவில்
வெள்ளை அங்கிக்காரி ஒருத்தி
கைகளைத் தூக்கித் தலைக்குமேல் ஏந்தி நிற்பது
கூன்வண்டை.
பருத்தியைத் தின்று குடி கெடுத்த அதே வண்டு.
கெட்டபின்தான் கடலை போட்டார்கள்,
கடலையில் காசு பார்த்தார்கள்,
கெடுத்தவனுக்கே சிலை எடுத்தார்கள்.
பலமுறை களவு போயிருக்கிறதாம் அந்த வண்டு.
எவன் வீட்டு அலமாரியில்
எவன் குடியைக் கெடுத்ததோ.

ஸ்காட்ஸ்போரோவில்
விமானத்தில் தொலைந்து, யாரும் கேட்டு வராத
பெட்டிகளின் சரக்கை விற்கும் கடை.
என் சிவப்புச் செருப்பு அங்கே வாங்கியது.
யார் கல்யாணத்துக்குப் புறப்பட்டதோ பாவம்,
என்னோடு ஈரத் தரை மிதிக்கிறது.

வடமேற்கு மூலையில், காட்டுக்குள்,
நாய்களுக்கென்று ஓர் இடுகாடு.
எல்லா நாயும் அங்கே படுத்துவிட முடியாது.
ரக்கூன் விரட்டிய நாய்தான் இது என்று
சாட்சி சொல்ல ஆள் வேண்டும்.
படித்துவிட்டு வண்டிக்குள் தனியாகச் சிரித்தேன்.
பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.
வில்காக்ஸ் கவுண்டியில்
என் அம்மா ஐசெட்டா ஓட்டுரிமை பதியப் போனபோதும்
சாட்சிதான் கேட்டார்கள்:
ஏற்கெனவே பதிந்தவர் ஒருவர் வந்து
இவளை எனக்குத் தெரியும் என்று சொல்லவேண்டும்.
பதிந்தவர் எல்லாரும் வெள்ளையர்.
அவர்களில் பாதிப்பேர் வீட்டுத் துணியை
அம்மாதான் துவைத்தாள்.
ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை.

ஜீஸ் பெண்ட் படகுக்கும் ஒரு தாள் உண்டு.
முகப்பில் ஒட்டுப்போர்வை, பின்னால் நேர அட்டவணை.
ஆறு ஒரு மைல்தான்.
அக்கரையில் கேம்டன், நீதிமன்றம், பதிவு மேசை.
நான் பிறக்க மூன்று வருஷம் முன்னால்
படகை நிறுத்தினார்கள்.
சாலை வழியே சுற்றினால் நாற்பது மைல்,
அம்மாவிடம் இருந்தது இரண்டு கால்.
மறுபடி படகு வர நாற்பத்துநாலு வருஷம்.
வந்த வாரமே ஏறினாள், கைப்பையை மார்போடு அணைத்தபடி.
அக்கரையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.
ஓர் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு
அடுத்த படகில் திரும்பிவிட்டாள்.

இந்த ஏப்ரலில் எவர்கிரீனில்,
நான்காம் அடுக்கில்,
ஆல்டன்மோர் மாளிகைக்கான குழியில்
ஒரு பழுப்புக் குருவி, வால் விறைத்து.
எட்டுத் தூண், கமேலியாத் தோட்டம்,
சனிதோறும் எலுமிச்சைச் சாறு என்று
அச்சடித்த தாளைக் கொத்திக் கிழித்து,
பாசி சேர்த்து, பைன் ஊசி சேர்த்து,
யாரோ எறிந்த சிகரெட் பஞ்சும் சேர்த்து
ஐந்து முட்டை.

போனில் டுவைட்:
"மாளிகைக்காரர்கள் பணம் கட்டியாயிற்று,
இடத்தை வெறுமையாய் விடாதே."
"வெறுமையாய் இல்லை சார்," என்றேன்,
"குடி வந்திருக்கிறார்கள்."
கட்டைப் பிரிக்காமல் வண்டியிலேயே போட்டேன்.

ஒஹாயோ எண்ணோடு ஒரு கார் வந்து நின்றது.
உள்ளூர்க்காரியாய்த் தெரிகிறீர்கள்,
எதைப் பார்க்கலாம் என்றாள் அந்த அம்மாள்.
வண்டு என்றுதான் வழக்கமாய்ச் சொல்வேன்.
அன்றைக்கு என்னவோ
படகுத் தாளை எடுத்து நீட்டினேன்.
காரைவிட்டு இறங்கி ஓரமாய் நில்லுங்கள்,
தண்ணீர் கலங்கலாய்த்தான் இருக்கும்,
பார்க்க ஒன்றும் இல்லை,
பத்துப் பதினைந்து நிமிஷம், கரை வந்துவிடும்.

அதற்காகவா அவ்வளவு தூரம், என்றார் புருஷன்.
ஆமாம் என்றேன்.
அக்கரையில் ஐஸ்கிரீம் கிடைக்கும்.

அவர்கள் பையன் நான்காம் அடுக்கில்
விரல் நீட்டிக்கொண்டிருந்தான்.
அதை மட்டும் தொடாதே, கண்ணா.
கையை இழுத்துக்கொண்டான்.
போகிறபோக்கில்
வண்டுத் தாள் இரண்டை உருவிக்கொண்டான்.